ஹில் ஸ்ட்ரீட்டின் சிவப்பு வெள்ளைக் கட்டடம்

சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி ஃபோர்ட் கேனிங் குன்றுப் பக்கம் நடந்தால், ஹில் ஸ்ட்ரீட்டில் செங்கல் சிவப்பும் சுண்ணாம்பு வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி வரும் ஒரு கட்டடம் கண்ணில் படும். பழைய அருங்காட்சியகம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உள்ளே ஒரு கண்காட்சிக்கூடமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த மத்திய தீயணைப்பு நிலையம் இன்றும் ஓய்வு பெறவில்லை. 1998இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பிறகும் இதன் வண்டிகள் சைரன் ஒலிக்கத் தெருவில் இறங்குகின்றன.

கட்டடத்தின் மேல் உயர்ந்து நிற்கும் கோபுரம் அழகுக்காக எழுப்பியதல்ல. அன்றைக்குச் சுற்றிலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள்தான். தொலைபேசி வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். எனவே கோபுரத்தின் மேல் ஒருவர் நின்று, ஊரில் எங்காவது புகை கிளம்புகிறதா என்று கண் வைத்திருப்பார். கோபுரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் துணிக் குழாய்களை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். அவற்றை நீளவாக்கில் தொங்கவிட்டுக் காயவைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. வீரர்களுக்கான குடியிருப்பும் நிலையத்திலேயே இருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே படிக்கட்டுதான் தூரம்.

எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் பயனில்லாத தீயும் உண்டு. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் அத்தாப்புக் கூரை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பற்றிய தீ கூரை விட்டுக் கூரை தாவியது. நான்கு பேர் இறந்தனர். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. சிங்கப்பூரர்களின் இன்றைய புளோக் வாழ்க்கைக்கு அந்தத் தீ ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

மாடி வீடு வந்ததும் தீயணைப்பின் கணக்கே மாறியது. பத்தாவது மாடிக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது? உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்பு நிறப் பெட்டி ஒன்றில் குழாய் வாய்கள் தெரிந்தால், அதுதான் டிரை ரைசரின் அடிப்பகுதி. சாதாரண நாளில் அந்தக் குழாயில் தண்ணீர் இருக்காது. தீயணைப்பு வண்டி கீழே வந்து நின்று, அந்த வாயில் தன் குழாயைப் பூட்டி நீரை ஏற்றும். வீரர்கள் மேலே, தீப்பிடித்த வீட்டுக்குப் பக்கத்தில், அதே நீரை எடுத்துக்கொள்வார்கள்.

வீரர்களின் வேலை தீயோடு நிற்கவில்லை. 1986 மார்ச்சில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டபோது, தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக நின்று மீட்க வேண்டியிருந்தது. 1989இல் இரண்டும் ஒரே படையாயின. இப்போது அந்தப் படைக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட ஆம்புலன்ஸ் கேட்பவைதான் பன்மடங்கு அதிகம்.

தீ என்று அழைத்தால் எட்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது படையின் இலக்கு. நெரிசலில் பெரிய நிலையங்களை மட்டும் நம்பினால் அது நடக்காது. அதனால்தான் குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே சிறு தீயணைப்புச் சாவடிகள் வைத்தார்கள். ‘ரெட் ரைனோ’ என்ற சிறிய வண்டி அங்கே நிற்கும். பெரிய வண்டி திரும்பத் திணறும் இடத்தில் இது நுழைந்துவிடும். அதற்கும் முன்னால் அக்கம்பக்கத்தார் வந்துவிடலாம். ‘மை ரெஸ்பாண்டர்’ செயலியை வைத்திருப்பவர்களுக்கு, பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றாலோ குப்பைச் சரிவுக் குழாயில் சிறு தீ பிடித்தாலோ கைபேசியில் தகவல் வரும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. செருப்பு அலமாரி, பூந்தொட்டி, பழைய சைக்கிள் என்று நாம் அடுக்குவதைப் பார்த்தால், வீரர்கள் மூச்சுக் கருவியைச் சுமந்துகொண்டு அங்கே ஓட வேண்டும் என்ற நினைப்பே நமக்கு இல்லை என்று தோன்றும். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு அந்தண்டை போவதும், மின்ஸ்கூட்டர் பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜில் விடுவதும் வீட்டுத் தீக்கு வழக்கமான காரணங்கள். கார்த்திகை விளக்கைத் திரைச்சீலை ஓரத்தில் ஏற்றாதீர்கள் என்று நம்மவர்களுக்குத் தனியாகவே சொல்லலாம்.

தீ என்று அவசர எண் 995ஐ அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: புளோக் எண், தெரு, மாடி. என்ன எரிகிறது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் அடுத்து. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள்.