இறவாத கலங்கள்

உயிருள்ளவை யாவும் கலங்களால் ஆனவை என்பதைப் பாடசாலையில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். 1665 ஆம் ஆண்டு ரொபேர்ட் ஹூக் தக்கைச் சீவலொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது கண்டவை வெறும் கூடுகளே. உயிர் எப்போதோ அகன்றுவிட்ட கலச்சுவர்களுக்கே அவர் பெயர் சூட்டினார். உயிருள்ள கலத்தினுள் குழியவுருவும், சக்தியை வழங்கும் இழைமணிகளும், பரம்பரைத் தகவலைத் தாங்கிய கருவும் அமைந்திருப்பதைத் தெளிவாக அறிவதற்குச் சாயமூட்டும் முறைகளும், 1930களில் தோன்றிய இலத்திரன் நுணுக்குக்காட்டியும் வேண்டியிருந்தன.

ஆயினும் பார்த்தல் வேறு, வளர்த்துப் பரிசோதித்தல் வேறு. உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மனிதக் கலங்கள் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. இத்தடை 1951 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் நீங்கியது. அங்குள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியேட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள், ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரட்டித்துப் பெருகின. ஐந்து பிள்ளைகளின் தாயான அவர் அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் 31 ஆவது வயதில் காலமானார். 'ஹீலா' எனப்படும் அக்கலங்களோ போலியோ தடுப்பு மருந்தின் பரிசோதனைக்கு உதவி, இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன.

அவை ஏன் இறப்பதில்லை? விடை கருவினுள் இருந்தது. வைரஸ் தானாகப் பெருக இயலாதது. பிறிதொரு கலத்தினுள் புகுந்தே அது பெருக வேண்டும். ஹியூமன் பப்பிலோமா வைரஸின் 18 ஆம் வகை, தனது மரபணுக்களை லக்ஸின் கலங்களில் செருகியிருந்தது. கலம் கட்டின்றிப் பிரிவதைத் தடுக்கும் புரதங்களை அம்மரபணுக்களின் விளைபொருட்கள் முடக்கிவிடுகின்றன. இவ்வைரஸுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குமிடையிலான தொடர்பை நிறுவிய ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இது நமக்குத் தொடர்பற்ற கதையன்று. இவ்வைரஸுக்கெதிரான தடுப்பூசி 2017 இல் இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஆறாம் தர மாணவிகளுக்கெனச் சேர்க்கப்பட்டது. அதில் இருப்பது வைரஸின் வெளியுறைப் புரதம் மாத்திரமே; மரபணு இல்லாமையால் அது நோயை உண்டாக்காது. சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வதுப் பெண்களுக்குச் செய்யப்படும் பப் பரிசோதனையிலும் கலங்களே சாயமூட்டி நோக்கப்படுகின்றன. கரு பருத்து உருமாறியிருப்பின், புற்றுநோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதனை அறிய முடிகின்றது. அவ்வாறிருந்தும் கூச்சத்தின் காரணமாகத் தாய்மார் ஒதுங்குவதும், வதந்தியை நம்பிப் பெற்றோர் தடுப்பூசியை மறுப்பதும் வருந்தத்தக்கதாகும்.

அதேவேளை, சந்தேகங்கொள்வோர் அனைவரையும் அறிவிலிகள் என ஒதுக்கிவிடவும் முடியாது. ஆய்வுக்காகக் கலங்களை எடுப்பதற்கு லக்ஸிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அக்காலத்தில் கேட்பது வழக்கமாகவும் இருக்கவில்லை. அக்கலங்களை விற்று நிறுவனங்கள் இலாபமீட்டியபோது, அவை உயிருடன் இருப்பதை அவரது குடும்பத்தினர் 1970களிலேயே அறிந்தனர். அவற்றால் வருவாய் பெற்ற தேர்மோ ஃபிஷர் நிறுவனம், அக்குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் 2023 ஓகஸ்ட் மாதத்திலேயே இணக்கப்பாட்டுக்கு வந்தது. அப்போது லக்ஸ் இறந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.