அழிரப்பர் வேகமாகத் தேய்கிறதா?

வீட்டுப்பாட நோட்டில் ‘ழ’ சரியாக வரவில்லை என்று அழிக்கிறாள் ஒரு மாணவி. மறுபடி எழுதுகிறாள், மறுபடி அழிக்கிறாள். தாள் கிழிந்த பிறகும் மனம் ஆறவில்லை.

இதைப் பிடிவாதம் என்று திட்டுகிறோம். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாகவும் இருக்கலாம். வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் வந்து மிரட்டும். குறிப்பிட்ட செயலைச் செய்தால்தான் பயம் அடங்கும். கை கழுவுவது, புத்தகப் பையைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது, “அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று ஓயாமல் கேட்பது எல்லாம் இதில் சேரும். கை கழுவுவதை நிறுத்த முடியாத சிறுவனைத் தலைப்பிலேயே வைத்து, அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்போபோர்ட் 1989-இல் எழுதிய நூல் இந்நோயை உலகறியச் செய்தது.

நோய்க்கு மரபும் மூளையின் இயக்கமும் காரணம். அதைக் கிளறிவிடுபவை வேறு. தேர்வு, கேலி, வீட்டில் ஒரு சாவு, தூக்கமின்மை. சேவுகம்பட்டி போன்ற சிற்றூரின் பிள்ளை வத்தலக்குண்டு போன்ற பெரிய ஊருக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகும் முதல் மாதமாகவும் இருக்கலாம்.

எப்போது, எங்கே, எதற்குப் பிறகு அந்தச் செயல் கூடுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. பயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, செயலைத் தவிர்க்கப் பழக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

அடிக்காதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.