ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோதானா?



நம் அறக்கட்டளை அலுவலகத்தில் எடை பார்க்கும் இயந்திரம் வைத்த நாளிலிருந்து வருவோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஏறி நின்று, எண்ணைப் பார்த்து, முகம் வாடி இறங்குவோரும் கூடியிருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சகோதரி வந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரும் சோற்றைப் பாதியாக்கி, இனிப்பை நிறுத்தி, ஃபஜ்ருக்குப் பிறகு பண்ணைப்புரம் சாலையில் நடக்கத் தொடங்கினார். ஆறு வாரத்தில் குறைந்தது ஒன்றரைக் கிலோ. "இதுக்கா இத்தனை நாள் வாயைக் கட்டுனேன்?" என்று எங்களிடம் கேட்டார். மறுவாரம் அவர் நடக்க வரவில்லை என்று உடன் நடப்பவர்கள் சொன்னார்கள்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கலோரி. நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 120 கலோரி. அதை முழுவதுமாக விட்டுவிட்டால், ஒரு கிலோ கரைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் அதற்குப் பதிலாக வேறெதையும் கூட்டிச் சாப்பிடாமல் இருந்தால்! சோற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் குறைத்து, நடக்கவும் செய்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறையலாம். வயதானவர்களுக்கும் தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் அதைவிட மெதுவாகத்தான் நடக்கும். ஆக, ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோ என்பது தோல்வி அல்ல.

முதல் வாரத்தில் சிலருக்கு இரண்டு கிலோகூட இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அடுத்த வாரம் இந்த வேகம் இராது. அதேபோல் நிக்காஹ் விருந்தில் பிரியாணியும் தால்சாவும் சாப்பிட்ட மறுநாள் காலை ஒரு கிலோ ஏறியிருந்தால், அதுவும் பெரும்பாலும் உப்பு பிடித்து வைத்த நீரும், வயிற்றில் இன்னும் இருக்கும் உணவும்தான். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேராது. சில மாதம் கழித்து எடை ஓரிடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. உடல் இளைக்க இளைக்க அதற்கு வேண்டிய உணவும் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம்.

இனி, எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. அந்தச் சகோதரியைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினரை நாள்தோறும் அரை மணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கவும், சர்க்கரை, மாவுப்பண்டம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைக்கவும் தொடர்ந்து தூண்டி வந்தார்கள். (மற்ற இரு பிரிவுகளில் மாத்திரையின் பலனும் சோதிக்கப்பட்டது.) மூன்றாண்டில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அப்படி மாற்றியவர்களுக்குச் சராசரியாகச் சொல்லும்படி எடை குறையவே இல்லை!

எடை மாறாமல் எப்படிப் பலன் கிடைக்கும்? நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இதை எடை இயந்திரம் காட்டாது. அதற்காக எடை குறைய வேண்டியதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்தார்கள். அங்கே நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆனால் 7 சதவீதம் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். 80 கிலோ உள்ளவருக்கு ஐந்தரைக் கிலோ சொச்சம். இருபது கிலோ அல்ல.

'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்று பவுடர் டப்பா விற்பவர்கள் நம் தெருக்களுக்கும் வருகிறார்கள். அப்படி வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்புண்டு. டப்பா தீர்ந்ததும் எடை திரும்பிவிடுகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர் இதற்குச் செலவழித்த தொகையில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுத்திருக்கலாம். ரமலானிலும் இப்படித்தான்: ஓரிரு கிலோ குறைகிறது, ஷவ்வால் முடிவதற்குள் வந்துவிடுகிறது. நோன்பின் நிய்யத் எடைக்காக அல்ல என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெருநாளுக்குப் பிறகும் அளவாக உண்ண அது நல்ல தொடக்கம். பழம்தானே என்று அரைக் கிலோ பன்னீர் திராட்சையை ஒரே மூச்சில் முடிப்பவர்களுக்கு, அதுவே 300 கலோரிக்கு மேல் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

தினமும் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தையற்காரர் நாடாவால் தொப்புளைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள்; ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது. எடை நின்ற மாதத்திலும் நாடா இறங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாகக் குறைந்தால் மகிழ வேண்டாம். கட்டுப்படாத சர்க்கரை, காசநோய் போன்றவற்றின் அடையாளமாக அது இருக்கலாம். அந்த வாரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு, உடன் நடப்பவர்கள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறோம்: எடையை விடுங்கள், சர்க்கரையை மறுபடி பரிசோதியுங்கள் என்று. இன்னும் பதில் வரவில்லை. எடை இயந்திரத்தோடு இப்போது அளவு நாடாவும் அலுவலகத்தில் இருக்கிறது. பெண்கள் தனியே வந்து பார்த்துக்கொள்ள, ஞாயிறு காலை வேளையை ஒதுக்கியிருக்கிறோம்.