வெள்ளமும் தண்ணீர் வெட்டும் ஒரே ஊரில் ஏன்?

"இவ்வளவு மழை கொட்டும் மும்பையில் தண்ணீர்ப் பஞ்சமா?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2024-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். ஏரிகளில் நீர் குறைந்ததால் ஜூன் 5 முதல் நகரெங்கும் 10 சதவீதத் தண்ணீர் வெட்டு. ஜூலை 8 அதிகாலையில், ஆறே மணி நேரத்தில் சில இடங்களில் 300 மி.மீ.க்கு மேல் மழை, ரயில்கள் நின்றன. ஆனால் வெட்டு நீங்கியதோ ஜூலை 29-இல்தான்!

காரணம் எளியது. நாம் குடிக்கும் நீர் பெரும்பாலும் நம் தலைமேல் பெய்யும் மழையன்று. துளசி, விஹார் ஆகிய இரு சிறிய ஏரிகளே நகருக்குள் உள்ளன. தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தர்ணா, நடு வைத்தர்ணா, பாட்சா ஆகிய ஐந்தும் தானே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் இருக்கின்றன. நான்கு மாத மழையை அங்கே தேக்கி ஆண்டு முழுவதும் பருகுகிறோம். மழை அங்கே தாமதித்தால் இங்கே குழாய் மெலிகிறது. தாராவியிலும் செம்பூரிலும் கொட்டும் மழை சாக்கடை வழியே கடலுக்குப் போகிறது.

மழையின் போக்கு மாறுவது ஏன்?

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அரபிக்கடலும் சூடேறி வருகிறது. ஆகவே மேகம் பொழியும்போது அடர்த்தியாகப் பொழிகிறது. இடையில் வறண்ட நாட்கள் நீள்கின்றன. 1950 முதல் 2015 வரை மத்திய இந்தியாவில் பரவலான மிகக் கனமழை நிகழ்ச்சிகள் மும்மடங்கு பெருகியதாகப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழக அறிஞர்கள் 2017-இல் கண்டறிந்தனர்.

2005 ஜூலை 26-ஐ நம்மில் யார் மறப்பார்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பருவமழைக் காலம் முழுவதற்கும் அங்கே பெய்யும் சராசரி மழையில் ஐந்தில் இரண்டு பங்கு அது! அதே நாளில் கொலாபாவில் 75 மி.மீ. கூட இல்லை. அந்த ஒரு நாளைப் புவி வெப்பத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைக்கப்பட்டவை. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரைத் தாராவி ஓரமாக மாகிம் கடலுக்குக் கொண்டுசெல்லும் மித்தி ஆறு, கரைகள் தூர்க்கப்பட்டுக் குறுகியிருந்தது. கடலும் ஏற்றத்தில் இருந்ததால் வெள்ளம் வடிய வழியில்லை. வானம் செய்தது பாதி, மனிதன் செய்தது பாதி எனலாம்.

பாதிப்பு எல்லோருக்கும் சமமா?

செம்பூரில் நான் வசிக்கும் கட்டடத்தில் நிலத்தடித் தொட்டியும் மாடித் தொட்டியும் உண்டு; 10 சதவீத வெட்டு தெரிவதே இல்லை. தாராவிச் சந்தில் சில மணி நேரமே வரும் குழாயை நம்பிக் குடங்களை வரிசையாக வைக்கும் குடும்பத்துக்கோ, வரிசையின் கடைசிக் குடம் காலியாகவே திரும்புகிறது. வெள்ளம் வந்தாலும் அதே வீட்டில்தான் முதலில் நுழைகிறது. 2005 வெள்ளத்தை அடுத்து எலிக்காய்ச்சல் பரவியதும் நினைவிருக்கலாம்.

சென்னையின் கதையும் இதுவே. 2015 டிசம்பரில் மூழ்கிய நகருக்கு, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆனால் 2003-இலேயே கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 9,000 லிட்டர் நீர் விழுகிறது. அதைத் தொட்டியிலோ பழைய கிணற்றிலோ சேர்த்தால் கழிப்பறைக்கும் வண்டி கழுவவும் போதும்; அந்த அளவு ஏரி நீர் மிஞ்சும். மாட்டுங்கா, செம்பூர் சொசைட்டிக் கூட்டங்களில் அன்பர்கள் இதைப் பேசுபொருளாக்க வேண்டும். சாக்கடையில் பிளாஸ்டிக் பை எறிவதை நிறுத்த வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்கள் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

வானத்தை நாம் தனியாகத் திருத்த முடியாது. ஆனால் மாடியில் விழும் மழையைச் சேர்த்து வைத்தால், தாராவியில் வரிசையின் கடைசிக் குடமும் நிறைய வழி பிறக்கும்.