நடந்தால் மட்டும் போதுமா?

திட்டக்குடி பக்கம் ஒரு காலனி. பொங்கலையொட்டி நடந்த பெண்கள் கபடிப் போட்டியில் பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒருத்தி ரெய்டு போனாள். தொட்டுவிட்டுத் திரும்பும்போது கால் தரையில் ஊன்றி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். இரவுக்குள் முட்டி பானைபோல வீங்கிவிட்டது.

மறுநாள் நடவு வேலையை விட முடியாத அம்மா, பக்கத்து ஊரில் கட்டு போடுபவரிடம் அழைத்துப் போனார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துக் கட்டு போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. பிள்ளை மறுபடியும் களத்தில் இறங்கினாள். ஓடித் திரும்பும்போதெல்லாம் முட்டி விலகிக்கொண்டு போனது. ஐந்து மாதம் கழித்துத்தான் நமக்குச் சேதி வந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தோம். முட்டியைப் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்திருந்தது. அறுந்த முட்டியோடு ஆடியதில் உள்ளேயிருக்கும் ஜவ்வும் கிழிந்திருந்தது.

“நடக்குறாளே, அது போதும்னு இருந்துட்டோம்ணா” என்றார் அந்த அம்மா. அது நமக்கு வலித்தது. அதைவிட அதிகமாக வலித்தது, படத்தைப் பார்த்த மருத்துவர் சொன்னது: “நல்லாத்தானே நடக்கிற? விளையாட்டை விட்டுட்டு வேற வேலையப் பாரு.”

நடந்தால் போதும் என்று அம்மா சொன்னது இல்லாமையால். மருத்துவர் சொன்னது எதனால்? வசதியான வீட்டுப் பிள்ளை அதே முட்டியோடு வந்திருந்தால், ‘எப்போது களத்துக்குத் திரும்பலாம்’ என்பதல்லவா பேச்சாக இருந்திருக்கும்? நம் பிள்ளையின் கால் வேலைக்குப் போகும் கால் மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது?

நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு பொழுதுபோக்கு அல்ல. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை கார்த்திகா இருந்தார். நகரத்திலிருந்து பிடுங்கி வெளியே குடியமர்த்தப்பட்டவர்களின் குடியிருப்பு அது. அந்தத் தங்கத்தைப் பார்த்து எத்தனை காலனிகளில் எத்தனை பிள்ளைகள் கோடு கிழித்து ஆடத் தொடங்கியிருப்பார்கள்! அவர்களின் முட்டிக்கு யார் பொறுப்பு?

முதல் பொறுப்பு, விவரம் தெரிந்துகொள்ள வேண்டிய நமக்கு. வளரும் பிள்ளையின் எலும்பு பெரியவர்களின் எலும்பு போன்றதல்ல. எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற இளம் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் முறிவாக இருக்கக்கூடும். அதைச் சுளுக்கென்று உருவிவிட்டால் கை கால் கோணலாகவோ குட்டையாகவோ போக வாய்ப்புண்டு. ஆகவே வீக்கம் இருந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ எண்ணெய் போட்டு நீவக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ‘டப்’ சத்தத்தோடு சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், வீக்கம் வடிந்த பின்னும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். தசைநார் அறுந்தது தெரியாது.

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். கட்டு போட்டிருந்தால் விரல்களைப் பாருங்கள். விரல் நீலம் பூத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி எடுத்தாலோ, அந்தக் கட்டு ரத்த ஓட்டத்தை அடைக்கிறது என்று பொருள். கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் கையோ காலோ போய்விடும். மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறியும் சிறு பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

நாட்டு வைத்தியரை மட்டும் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனையை நாம் மறந்துவிட முடியாது. முட்டித் தசைநாருக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை அகற்றினார்கள்; உயிரும் போனது. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அதற்காக அரசு மருத்துவமனையை விட்டு ஓடுவதல்ல நம் வழி. அது நம்முடையது. அங்கே நம் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பதும் நம் உரிமை. வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், “அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி இருக்கிறது. அட்டை இல்லாத வீடுகள் அடிபடும் நாள்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

அறுவை சிகிச்சையோடு கதை முடிவதில்லை. ஏ.சி.எல். சரிசெய்த கால் மறுபடி களமிறங்கக் குறைந்தது ஒன்பது மாதம் பிசியோதெரபி பயிற்சி வேண்டும். கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் மாவட்ட மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு வருகிறவர்கள், ஓட வேண்டிய பிள்ளைக்கும் வரட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதி வேறு பக்கம் போகாமல் தடுக்க 2024-ல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒருநாள் விளையாட்டுக் காயங்களுக்கெனத் தனிப் பிரிவு நடத்த முடியாதா? காலனிக்கு ஒரு மண் மைதானம் அமைக்க முடியாதா? நம் பிள்ளைகள் சிமென்ட் சாலையிலும் அறுவடை முடிந்த கட்டாந்தரையிலும் ஆடித்தானே முட்டியைத் தேய்க்கிறார்கள்?

காசில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. ஆட்டத்துக்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவது. குதித்து இறங்கும்போது முட்டியை மடக்கி, அது உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழகுவது. முட்டித் தசைநார் அறுவது பெண் பிள்ளைகளுக்கே கூடுதலாக நேர்கிறது. இந்தப் பயிற்சி அதைப் பெருமளவு குறைக்கும். காலனி அணிகளை நடத்தும் இளைஞர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறார்கள். அது எந்தத் தெருவில், யார் சாவியில் இருக்கிறது என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள். மைதானத்தையும் பிசியோதெரபியையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வேறொரு மருத்துவமனையில் காப்பீட்டில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி நீட்டுகிறாள். போன வாரம் பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “எப்பண்ணா ரெய்டு போலாம்?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.