நார்த்தூளைக் கழுவி மறுமுறை உபயோகித்தல்

ஆரணியில் பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்களுக்குக் கழுவுதலின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கச்சாப் பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையைப் போக்கும்போது எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை குறைகிறது. அக்குறைவை ஏற்றால்தான் சாயம் சீராக ஏறும். மண்ணின்றிப் பயிர் செய்ய முன்வரும் விவசாய அங்கத்தினர்களும் இந்நெறியைக் கைக்கொள்ள வேண்டும்.

1937-ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைக் கலிபோர்னியாவின் கெரிக் என்னும் அறிஞர் அச்சில் வழங்கினார். இன்று பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னை நார்த்தூள், வேருக்குப் பிடிப்பாக, கடல் கடந்தும் செல்கிறது. குழித்தட்டு நாற்றுடன் நார்த்தூளும் வயலுக்குப் போய்விடும். ஆனால் நிழல்வலைக் கூடத்தில் பைகளில் தக்காளி, வெள்ளரி வளர்ப்போரிடம் அறுவடைக்குப் பின் தூள் முழுவதும் எஞ்சி நிற்கும். அதை எறிவது வீண்செலவு; அப்படியே மீண்டும் நிரப்புவது அதனினும் பெருநஷ்டம்.

பழைய தூளில் இரு பகைகள் உண்டு. முதலாவது உப்பு. நீர் ஆவியாக, உரத்தின் உப்பு தங்கி, இலை விளிம்பு கருகும். பழைய வேர்களைப் பொறுக்கிச் சலித்து, நல்ல நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வடிநீரின் மின்கடத்துத் திறன், ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்வரை திரும்பச் செய்யலாம். உவர்நீர் பாய்ச்சிய தூளில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் நீருக்கு அது முழுதும் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் கால்சியம் அவ்விடத்தைப் பிடித்துச் சோடியத்தை வெளியேற்றும். பின்னர் ஒருமுறை அலச வேண்டும். வடிநீரைக் கிணற்றருகே விடலாகாது.

இரண்டாவது நோய். கழுவுவதால் பூஞ்சணம் சாகாது. ஈரத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பால் இறுக மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். நீராவி வசதியுள்ளோர் 60 டிகிரி செல்சியசில் அரைமணி வைத்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடியும். பிளீச்சிங் பவுடர் தட்டுகளுக்கும் கருவிகளுக்கும் ஏற்றது. தூளில் அதன் வீரியம் வீணாகும். சுத்தமான தூளில் டிரைக்கோடெர்மா கலப்பது நன்று.

இவ்வேலைகளைத் தனித்தனியே செய்வது கடினம். சங்கத்திற்கு ஒரு தொட்டி, ஓர் அளவுகருவி, ஒரு பதிவேடு இருந்தால் செலவு பகிரப்படும். ஆயினும் பொதுத் தொட்டியில் ஆபத்தும் பொதுவே. வாடல் நோய் கண்ட ஒரு பையை ஒருவர் மறைத்துக் கொண்டுவந்து சேர்த்தால், ஊரார் பயிர் அனைத்தும் கெடலாம். நஷ்டத்திற்கு அஞ்சியே அவர் மறைப்பார். ஆதலின், நோயை உள்ளபடி தெரிவிப்பவருக்குச் சங்கம் குறைந்த விலையில் புதுத்தூள் வழங்கும் விதியை முதலிலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம். நோய்ப்பட்ட தூளைத் தனியே அகற்றிவிட வேண்டும்.

இரண்டு மூன்று பயிருக்குப் பின் தூள் நொறுங்கிக் காற்றோட்டம் குறையும். நோயற்றதாயின் அதை வயலுக்கு இடலாம். கழுவிய தூள் மிச்சப்படுத்தும் பணத்தைவிட, மறைக்காது சொல்லும் அங்கத்தினரே சங்கத்தின் பெரிய மூலதனம்.