உஷார்! உங்கள் பில்ட் ஸ்கிரிப்ட்டை யாராவது படிக்கிறார்களா?

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்படி ஒரு மென்பொருளுக்குப் பில்ட் சிஸ்டம் அமைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு முதலில் இதைப் படியுங்கள். சோர்ஸ் கோடில் ஒரு வரி மாறினால் நாலு பேர் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். சிமேக் கோப்பிலோ கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டிலோ மாறினால், "பில்ட் ஆகிறதா? சரி" என்று கடந்துவிடுகிறோம். திருடன் நுழைவது அந்த வழியாகத்தான். ஏற்கெனவே நுழைந்தும் காட்டிவிட்டான்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். டெபியனின் அன்ஸ்டேபிள் பதிப்பில் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிப் பார்த்தவர் அவர். எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. அதை வைத்தவனுக்கு அது சர்வரையே திறந்துவிடும். அதற்கு வழங்கப்பட்ட ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு வாங்கிக்கொண்ட ஒருவரின் கைவேலை இது.

அந்த மென்பொருளின் சி கோடை வரிவரியாகப் படித்திருந்தாலும் சதி பிடிபட்டிருக்காது. விஷம் டெஸ்ட் கோப்புகளுக்குள் பைனரியாக ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து லைப்ரரியோடு சேர்த்தது பில்ட் சிஸ்டம். அதற்குத் தூண்டுகோலாக இருந்த எம்4 கோப்பு கிட் ரெப்போவில் இல்லவே இல்லை. ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது. பில்ட் ஓடும்போது அது முதலில் நோட்டம் பார்க்கும். 64-பிட் எக்ஸ்86 லினக்ஸா? கம்பைலர் ஜிசிசியா? டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜ் தயாராகிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால்தான் வேலையைக் காட்டும். மேக்கில் சோதித்தவருக்கும் விண்டோஸில் சோதித்தவருக்கும் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும்.

இதைவிடப் பயமுறுத்துவது, அதே ஆள் சிமேக் கோப்பில் வைத்த ஒரே ஒரு புள்ளி. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று அறிய, சிமேக் ஒரு சின்ன சி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும். அந்த நிரலின் நடுவே, தனி வரியில் ஒரு புள்ளி. அது இருக்கும்வரை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. சிமேக்கும் "இங்கே லேண்ட்லாக் இல்லை" என்று முடிவு செய்து, பாதுகாப்பைக் கழற்றிவிட்டு, பில்டை வெற்றிகரமாக முடித்துவிடும். பில்ட் நிற்காது, பிழை என்று எதுவும் திரையில் வராது.

இங்கேதான் நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். பல தளங்களுக்கான பில்ட் சிஸ்டத்தின் அடிப்படைக் குணமே, இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு என்பது. சதிகாரன் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஹெடர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, இன்ஸ்டால் செய்ய மறந்த ஒரு லைப்ரரி போதும். பாதுகாப்பு இல்லாத மென்பொருள் உங்கள் பெயரில் பயனர் கைக்குப் போய்ச் சேரும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. பாதுகாப்பு தொடர்பான எந்த வசதியையும் "கிடைத்தால் சேர்" என்று விடாதீர்கள். அது இருக்க வேண்டிய தளத்தில் சோதனை தோற்றால் பில்ட் பிழையோடு நிற்கட்டும்.

2. கான்ஃபிகர் முடிவில் எந்தெந்த வசதி சேர்ந்தது, எது சேரவில்லை என்ற பட்டியலை அச்சிட வையுங்கள். ஒவ்வொரு தளத்தின் பட்டியலையும் முந்தைய ரிலீஸோடு ஒப்பிடுங்கள். நேற்று "ஆம்" என்றிருந்தது இன்று "இல்லை" என்றால், காரணம் தெரியாமல் ரிலீஸ் செய்யாதீர்கள்.

3. ரிலீஸ் டார்பாலை ஒருவர் தன் லேப்டாப்பில் தயாரித்து ஏற்றும் வழக்கத்தை விடுங்கள். கிட் டேகிலிருந்து தானியங்கியாக உருவாகட்டும். டார்பாலில் இருக்கும், ஆனால் ரெப்போவில் இல்லாத ஒவ்வொரு கோப்புக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

4. பில்ட் நேரத்தில் இறக்கப்படும் லைப்ரரிகளைக் கிளைப் பெயரால் குறிக்காதீர்கள். கிளை நகர்ந்துகொண்டே இருக்கும். கமிட் ஹாஷால் குறியுங்கள். கோப்பாக இறக்கினால் எஸ்எச்ஏ-256 ஹாஷைச் சரிபாருங்கள்.

5. டெஸ்டுக்கான பைனரி கோப்புகளை முடிந்தவரை ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குங்கள். டெஸ்ட் ஃபோல்டரை நீக்கிவிட்டாலும் மென்பொருள் பில்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

6. பில்ட் கோப்பில் வரும் மாற்றத்தையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே சேருங்கள். எத்தனை ஆண்டு பழகியவர் அனுப்பினாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம்.

எக்ஸ்இசட் விஷயத்தில் அந்தப் பதிப்புகள் பெரும்பாலான சர்வர்களைச் சென்றடையும் முன்பே ஒருவர் அரை விநாடியைக் கவனித்துவிட்டார். உங்கள் மென்பொருளுக்கு அப்படி ஒருவர் வந்து வாய்ப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். அடுத்த ரிலீஸுக்கு முன் உங்கள் பில்ட் கோப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும், அது ஏன் இருக்கிறது என்று தெரியும்வரை ரிலீஸை நிறுத்தி வையுங்கள்.